ஒப்பரேசன் செய்த கண் மறுபடியும் மங்கினால்

(பசறைப் பக்கத் தோட்டமொன்றில் சங்கத்தின் மாதர் பிரிவு கூட்டிய சுகாதாரக் கூட்டத்தில், கல்முனையிலிருந்து வந்த கண் உதவிக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தலைவர்மாரே, மாதர் பிரிவுத் தாய்மாரே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே,

நாங்கள் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை என்று நாலு ஊர்களைச் சேர்ந்த ஆறு பேர். அம்பாறை, சியம்பலாண்டுவை, மொனராகலை, பசறை என்று பஸ் மாறி மாறி ஏறி வந்தோம். இந்தப் பாதை எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. மருதமுனைச் சாரத்தையும் பிடவையையும் பொட்டலம் கட்டிக்கொண்டு எங்கள் வாப்பாமார் லயம் லயமாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். சம்பள நாள் பார்த்து வருவார்கள், அடுத்த சம்பளத்துக்குக் கடன் எழுதிவிட்டுப் போவார்கள். இன்றைக்கு நாங்கள் விற்க ஒன்றும் கொண்டுவரவில்லை.

நாங்கள் டொக்டர்மார் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் ஊர்களில் வயதானவர்களைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், இலக்கம் எடுத்து, காத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிவந்து விடுகிற வேலையைச் செய்கிறோம். பல வருடமாகக் கிளினிக் வாங்கில் குந்தியிருந்ததிலும், டொக்டர்மாரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதிலும் ஒரு விஷயம்தான் இன்றைக்குப் பேச வந்தது. வெண்படல ஒப்பரேசன் செய்து, லென்ஸ் வைத்து, நன்றாகத் தெரிந்த கண், இரண்டு மூன்று வருடம் போய் மறுபடியும் மங்குகிறதே, அது என்ன, அதற்கு என்ன செய்வது?

ஏன் இந்த ஒன்றை மட்டும் பேசுகிறோம் என்றால், வெண்படலத்தைப் பற்றி இப்போது எல்லாருக்கும் தெரியும். பேரப்பிள்ளைகளே ஆச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். ஆனால் ஒப்பரேசன் முடிந்த கண் மங்கினால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. "ஒப்பரேசன் பழுதாகிப் போச்சு" என்பார்கள். "வயசு போச்சுத்தானே" என்பார்கள். எங்கள் ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு: "ஒருக்காத்தான் செய்யலாம், இனிக் கை வைக்க ஏலாது." இந்தப் பேச்சை நம்பி மூலையில் குந்தியிருக்கிறவர்களை நாங்கள் வீடு வீடாகக் கண்டிருக்கிறோம். மருதமுனையில் தறி வேலை பார்த்த ஒரு மூத்தம்மா. பாவு நூல் அறுந்தால் பிணைக்கிற வேலை அவருக்கு. மயிர் மாதிரி நூல். ஒப்பரேசனுக்குப் பிறகு இரண்டு வருடம் கண்ணாடி போட்டுக்கொண்டு பிணைத்தார். மூன்றாவது வருடம் எல்லாம் அடுப்புப் புகைக்குள் பார்ப்பது மாதிரி ஆகிவிட்டது. "எண்ட கண் முடிஞ்சுது மகன்" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டார். ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தார். பிறகு சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போன இடத்தில் கண்ணையும் காட்டுங்கள் என்று சொன்னதால்தான் காட்டினார். கத்தி இல்லை, தையல் இல்லை, ஐந்து பத்து நிமிட லேசர். அடுத்த கிழமை நூல் பிணைத்தார். அந்த ஒன்றரை வருடக் கூலியை யார் அவருக்குத் திருப்பிக் கொடுப்பது?

உள்ளே நடப்பதை விளங்கிக்கொண்டால் பயம் பாதி போய்விடும். நம் கண்ணுக்குள் இயற்கையாக ஒரு லென்ஸ் இருக்கிறது. பளிங்கு மாதிரி இருக்க வேண்டியது, வயதாலும் சீனியாலும் வேறு காரணங்களாலும் வெளுத்துப் போகிறது. அதுதான் வெண்படலம். அந்த லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. தலையணையும் உறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பரேசனில் உறையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறந்து, பழைய தலையணையை உடைத்து எடுத்துவிட்டு, அதே உறைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் அகலமுள்ள வில்லை, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள மெல்லிய கால்கள். உறையின் பின்பக்கத்தை மட்டும் கிழியாமல் விட்டுவிடுவார்கள். அதுதான் புது லென்ஸைத் தாங்குகிறது.

இப்போது வெள்ளாமைக்காரன் மாதிரி யோசியுங்கள். நெல்லுச் சாக்கை எவ்வளவுதான் உதறினாலும் நாலு மணி தையலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். மழை பட்டால் அது முளைக்கும். அதேபோல் பழைய லென்ஸின் நுண்ணிய உயிரணுக்கள் சில பையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு திறமையான டொக்டர் செய்தாலும் கொஞ்சம் இருக்கும். அவை மெதுவாகப் பெருகி, லென்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து, பையின் பின்பக்கத்தை மங்கச் செய்துவிடும். லென்ஸ் பளிச்சென்றுதான் இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற சவ்வுதான் புகை பிடித்த ஜன்னலாக மாறியிருக்கும்.

இது அபூர்வம் இல்லை. 1998-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து வெளியிட்ட கணக்குப்படி, ஒப்பரேசன் முடிந்து 1 வருடத்துக்குள் 100 கண்ணில் ஏறக்குறைய 12, 3 வருடத்தில் 21, 5 வருடத்தில் 28 இப்படி மங்கியிருக்கிறது. லென்ஸின் விளிம்பைக் கூர்மையாகச் சதுரமாக வெட்டிச் செய்வது பிறகு பரவியது. அந்த விளிம்பு ஒரு வரம்பு மாதிரி உயிரணுக்களை நடுவுக்கு வராமல் மறிக்கும். இதனால் தொகை குறைந்தது, இல்லாமல் போகவில்லை. ஆகவே இப்படி மங்குவதை ஒப்பரேசன் பழுதானதாக எடுக்கக் கூடாது. செய்த டொக்டரைத் திட்டவும் வேண்டாம்.

இதற்கு மருந்துதான் லேசர். யாக் லேசர் என்பார்கள். 1980களின் தொடக்கத்தில் பாரிஸில் அரோன்-ரோசா என்ற பெண் டொக்டரும், சுவிற்சர்லாந்தில் ஃபான்க்ஹவுசர் என்பவரும் தனித்தனியாக இதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு ஊசியால் அல்லது கத்தியால் அந்தச் சவ்வைக் கீறுவார்களாம். இப்போது கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மெஷினில் நாடியை ஊன்றி வைக்கச் சொல்லி, ஒளியாலேயே பையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துவிடுகிறார்கள். நோவு கிடையாது. அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். திறந்த ஜன்னல் மறுபடி மூடிக்கொள்வது மிக அரிது.

எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் மிச்சப் பாதியும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

சில பேருக்கு மங்குவது பை அல்ல. வைத்த லென்ஸே மங்கிவிடுகிறது.

இந்தச் செயற்கை லென்ஸ் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்ரிக் துண்டுகள் சிதறிப் புகுந்தன. பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்ரிக். கண்ணுக்குள் எது போனாலும் கண் அதை எதிர்த்துச் சிவக்கும், சீழ் பிடிக்கும். இந்தப் பிளாஸ்ரிக் மட்டும் பெரிதாகத் தொந்தரவு செய்யாமல் கிடந்தது. ஹரல்ட் ரிட்லி என்ற டொக்டர் இதைக் கவனித்து வைத்திருந்து, 1949 நவம்பர் 29-ஆம் திகதி லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் அதே வகைப் பிளாஸ்ரிக்கில் செய்த லென்ஸை முதன்முதலாக ஒரு பெண்ணின் கண்ணில் வைத்தார். பெரிய பெரிய டொக்டர்மார் பல வருடம் அவரைப் பைத்தியக்காரன் மாதிரி நடத்தினார்கள். பிறகு உலகமே அவர் வழிக்கு வந்தது.

வந்தாலும் ஏழைக்கு வரவில்லை. மதுரையில் டொக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, 1992-இல் ஒரோலாப் என்ற சொந்தத் தொழிற்சாலையை வைத்து லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. 100 டொலர் அளவில் விற்ற பொருளைச் சுமார் 10 டொலருக்குக் கொடுத்தார்கள். கூலிக்காரன் கண்ணிலும் லென்ஸ் ஏறியது அதற்குப் பிறகுதான் என்று சொன்னால் பிழையில்லை. விலை குறைந்தால் தரம் குறையும் என்று பேசுகிறவர்களுக்கு மதுரையைக் காட்டலாம். இனிச் சொல்லப்போகிற கதையில் பிரச்சினை பட்டது மலிவுச் சரக்கு இல்லை, பேர் போன பெரிய கம்பனியின் சரக்கு.

முதல் லென்ஸுகள் கெட்டியானவை. வைப்பதற்குக் கண்ணைக் கூட வெட்ட வேண்டும். பிறகு மடித்து, சின்ன வாயால் உள்ளே விட்டு, அங்கே விரிகிற மென்மையான லென்ஸுகள் வந்தன. அவற்றில் ஒரு வகை தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் அக்ரிலிக். நல்ல பொருள்தான், இன்றும் உலகம் முழுக்க வைக்கிறார்கள், பெரும்பாலானவை ஆயுள் முழுக்கத் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் தண்ணீர் போகிற பொருளுக்குள் உப்பும் போகலாம். எங்கள் கரையோரக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சுகிற கேத்தலுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியுமே, அதுபோல் சில லென்ஸுகளின் மேலேயும் உள்ளேயும் கல்சியம் பொஸ்பேற்று படிந்து லென்ஸ் பால் போல ஆகிவிட்டது.

1990களின் இறுதியில் ஹைட்ரோவியூ என்ற லென்ஸ் வைத்தவர்களிடம் இது பல நாடுகளில் தெரிய வந்தது. வைத்தவுடன் எல்லாம் நன்று. ஒரு வருடம், இரண்டு வருடம் போன பிறகுதான் மங்கல். ஒவ்வொரு டொக்டரும் தன்னிடம் வந்த ஒரு ஆளைப் பார்த்து, இந்த ஆளின் உடம்பில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்திருப்பார். கழற்றி எடுத்த லென்ஸுகளை அமெரிக்காவின் சார்ள்ஸ்ரன் நகரத்தில் டேவிட் அப்பிள் என்பவரின் ஆய்வுகூடம் போன்ற இடங்களுக்கு அனுப்பி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தபோது படிந்திருப்பது கல்சியம் என்று தெரிந்தது. லென்ஸை அடைத்து வந்த பெட்டியின் மூடியில் இருந்த சிலிக்கோன் வளையத்திலிருந்து கசிந்த ஒரு பொருள் லென்ஸில் ஒட்டி, அதன் மேல் கல்சியம் பிடித்ததாகக் கண்டார்கள். கம்பனி பொதி செய்யும் முறையை மாற்றியது. வேறு சில கம்பனிகளின் லென்ஸுகளிலும் வேறு வேறு காரணங்களால் இப்படி நடந்திருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவர்களிடமும், லென்ஸ் வைத்த கண்ணுக்குள் பிறகு வேறு ஒப்பரேசனுக்காக வாயு ஏற்றியவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்பட்டதாகச் சொல்கிறார்கள்.

கண்ணுக்குள் வைத்த லென்ஸைக் கெடுத்தது பெட்டி மூடி வளையம். அந்த வளையத்தை ஒரு ஆள் தன் வீட்டு மூலையில் குந்தியிருந்து கண்டுபிடித்திருக்க ஏலாது. பல ஊர் ஆட்களின் லென்ஸையும் அதன் இலக்கத்தையும் ஒரு மேசையில் வைத்துப் பார்த்ததால்தான் பிடிபட்டது.

பையா, லென்ஸா என்று பிரித்தறிவது ஏன் இவ்வளவு முக்கியம்? இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். புகை, பனி, எதிரே வருகிற பஸ்ஸின் வெளிச்சம் சிதறுவது. ஆனால் வைத்தியம் வேறு. மங்கியது பை என்றால் லேசர் போதும். மங்கியது லென்ஸ் என்றால் லேசரால் பலன் இல்லை, லென்ஸைக் கழற்றி வேறு வைக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். லேசரால் பையின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டால், பிறகு லென்ஸை மாற்றுகிற ஒப்பரேசன் பெரும் கஷ்டமாகிவிடும். புது லென்ஸைத் தாங்க உறை இல்லை, கண்ணின் பின்பக்கத்துக் கூழ் முன்னுக்கு வரும்.

எங்கள் பக்கத்தில் கடல் தொழில் செய்த ஒருவருக்கு இது நடந்தது. சீனி வருத்தம் உள்ளவர். கண் மங்கியதும் காசு கட்டி ஒரு தனியார் இடத்தில் லேசர் செய்தார். தெளியவில்லை. சரியாகத் திறபடவில்லை என்று சொல்லி இரண்டாம் தடவையும் செய்தார்கள். அதற்கும் காசு. மூன்றாவது இடத்தில் மணியை நன்றாக விரிய வைத்துப் பார்த்த டொக்டர்தான் லென்ஸே பால் மாதிரி இருக்கிறது என்றார். கடைசியில் தூரத்து ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றி, புதியதைக் கண்ணின் வெள்ளைச் சுவரோடு தைத்து வைத்தார்கள். இப்போது நடமாடுகிறார், தோணியில் போவதில்லை. எந்தக் கம்பனி லென்ஸ், என்ன இலக்கம் என்று டொக்டர் கேட்டபோது காட்ட அவரிடம் ஒரு துண்டும் இருக்கவில்லை. அதே பெட்டியில் வந்த மற்ற லென்ஸுகள் யார் யார் கண்ணில் இருக்கின்றனவோ.

ஆகவே லேசர் என்று சொன்னால் பயப்படாமல் செய்யுங்கள், ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "டொக்டர், மங்கியது பையா, லென்ஸா? மருந்து விட்டுப் பார்த்தீங்களா?" மரியாதையாகக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது பேரைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி ஒரு உதவி. இன்னொன்றும் கேளுங்கள்: நரம்புத் திரையையும் கண் அழுத்தத்தையும் பார்த்தாயிற்றா என்று. சீனியால் திரை கெட்டிருந்தாலும், அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டிருந்தாலும் பார்வை மங்கும். லென்ஸும் பையும் கண்ணாடி மாதிரி இருந்தாலும் மங்கும். எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒரு சீனிக்காரர் இருக்கிறார்கள். சோறும் இனிப்புத் தேத்தண்ணியும் நம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சொத்து.

அடுத்தது அட்டை. அட்டை என்றதும் காலில் ஏறுகிற அட்டையைப் பார்க்க வேண்டாம், அதை நீங்கள்தான் எங்களுக்குக் காட்டித் தந்தீர்கள், வரும் வழியில் இரண்டு ஏறிவிட்டது. இது ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது தருகிற அட்டை.

லென்ஸ் வருகிற பெட்டிக்குள் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். கம்பனிப் பெயர், லென்ஸின் வகை, பவர், தொடர் இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் அதில் அச்சடித்திருக்கும். ஒன்றை ஆஸ்பத்திரிப் பதிவில் ஒட்டுவார்கள், ஒன்றை நோயாளியின் அட்டையில் ஒட்ட வேண்டும். ஒட்டித் தந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டவில்லை என்றால் கேளுங்கள். வெளியே காசு கொடுத்து லென்ஸ் வாங்கி வரச் சொன்னால் பற்றுச்சீட்டையும் பெட்டியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸை மாற்ற வேண்டி வந்தால் பழைய பவரைத் தெரிந்துகொள்ளவும் இது உதவும். மற்றக் கண்ணுக்கு ஒப்பரேசன் செய்யும்போதும் உதவும்.

2004 டிசம்பர் 26-இல் கடல் எங்கள் ஊர்களுக்குள் வந்தது. இலங்கையிலேயே கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000-க்கு மேல். தப்பியவர்களிடம் அடையாள அட்டை இல்லை, உறுதி இல்லை, கிளினிக் கொப்பி இல்லை. எந்தக் கண்ணில் என்ன செய்தது என்று சொல்ல வாய் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் முக்கியமான பேப்பர்களைப் பொலித்தீன் பையில் போட்டு, கையெட்டுகிற இடத்தில் தொங்கவிடப் பழகினார்கள். இங்கே கடல் இல்லை, மண்சரிவும் லயத்துத் தீயும் இருக்கின்றன. போனில் ஒரு படம் எடுத்து, வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். ஒரு செலவும் இல்லை.

கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்க்காமல், துண்டைப் பார்க்காமல் நீங்கள் நகர்வீர்களா? எத்தனை கிலோ, எத்தனை கழிவு என்று கேட்டுச் சண்டை பிடித்து வளர்ந்த சங்கம் இது. உங்கள் கண்ணுக்குள் வைத்த பொருளின் இலக்கத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

இது அதிகப் பேச்சு என்று யாராவது நினைத்தால், உங்கள் பக்கத்து மாவட்டத்தையே எடுங்கள். 2023 ஏப்ரலில் நுவரெலியா ஆஸ்பத்திரியில் வெண்படல ஒப்பரேசன் செய்தவர்களில் பல பேருக்குக் கண்ணில் தொற்று வந்தது, சிலருக்குப் பார்வையே போயிற்று. இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்த ப்ரெட்னிசலோன் சொட்டு மருந்தின் மேல் சந்தேகம் விழுந்து, அதைப் பாவனையிலிருந்து நீக்கினார்கள். அது லென்ஸ் மங்கிய விஷயம் இல்லை, வேறு ஆபத்து. ஆனால் அது எப்படி வெளிச்சத்துக்கு வந்தது என்று பாருங்கள். ஒரே இடத்தில், சில நாட்களுக்குள், பல பேருக்கு வந்தது. அதனால் தெரிந்தது. லென்ஸ் மங்குவது அப்படி ஒரே நாளில் வராது. ஒருவருக்கு இந்த வருடம், இன்னொருவருக்கு அடுத்த வருடம், ஒருவர் பசறையில், ஒருவர் கல்முனையில். யாரும் சேர்த்துப் பார்க்காவிட்டால் எல்லாமே "வயசு" ஆகிவிடும்.

மருந்தையும் லென்ஸ் போன்ற மருத்துவ உபகரணங்களையும் பதிவு செய்து கண்காணிக்கிற பொறுப்பு, 2015-ஆம் ஆண்டு 5-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு இருக்கிறது. தரமில்லாத மருந்து இறக்குமதி விவகாரத்தில் ஒரு முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார் என்பதும் நீங்கள் அறிந்ததே. முறைப்பாடு செய்ய இடம் உண்டு. ஆனால் இலக்கம் இல்லாத முறைப்பாட்டுக்கு எந்த அலுவலகத்திலும் பெறுமதி இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. காசில்லாமல் கண்ணைத் தருகிற அந்த ஏற்பாடு நம் மக்கள் வரியிலும் உழைப்பிலும் வந்தது. அதைப் பாதுகாக்கத்தான் கேள்வி கேட்கச் சொல்கிறோம்.

சங்கத்துக்கு மூன்று விஷயம் கேட்டு முடிக்கிறோம்.

ஈ.ரி.எப். பற்றி முதலில். 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் சம்பளத்தில் பிடிக்காமல், தோட்ட நிர்வாகம் தன் கையிலிருந்து 3 வீதம் கட்ட வேண்டிய நிதி அது. வேலையை விட்டு நிற்கும்போது எடுக்கிற காசு என்று மட்டும்தான் பல பேருக்குத் தெரியும். வேலையில் இருக்கும் அங்கத்தவருக்குக் கண்ணில் லென்ஸ் வைக்கும் செலவுக்கும் அந்த நிதிச் சபை உதவி கொடுக்கிறது. ஆனால் நிர்வாகம் ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். சேமலாப நிதியும் இதுவும் நிலுவையில் கிடக்கிற தோட்டங்கள் இருப்பது உங்களுக்கே தெரியும். அந்த நிலுவை வெறும் கணக்குப் புத்தகத்து நிலுவை இல்லை, யாரோ ஒருவரின் கண்ணில் வைக்க வேண்டிய லென்ஸ். 55 வயதில் கொழுந்து மங்கலாகத் தெரிந்தும், பென்சன் எடுத்த பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போடுகிற அம்மாமார் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளினிக் நாள் பெரிய கஷ்டம். இங்கிருந்து விடிய நாலு மணிக்கு இறங்கினால்தான் இலக்கம் எடுக்கலாம். ஒரு நாள் பெயர் போகும், கூடப் போகிற மகளுக்கும் போகும். இரண்டு பேர் கூலியைக் கணக்குப் பார்த்துத்தான் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் பள்ளிவாசல் வான் ஒன்றைக் கேட்டு எடுத்து எட்டுப் பத்துப் பேரை ஒன்றாகக் கூட்டிப் போனோம், கூட ஒரு துணை போதுமாக இருந்தது. தோட்ட லொறியையோ அம்புலன்ஸையோ மாதம் ஒரு நாள் கேட்டு வாங்குவது தலைவர்மாரின் வேலை. துரை இல்லை என்று சொன்னால் என்ன செய்வது என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது ஒரு கொப்பி. மாதர் பிரிவில் எழுதத் தெரிந்த ஒரு தங்கச்சி போதும். கண் ஒப்பரேசன் செய்தவர் பெயர், எந்தக் கண், எந்த மாதம், எந்த ஆஸ்பத்திரி, லென்ஸ் இலக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொல்லி எப்படித் தெரிகிறது என்று எழுதுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால், நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். சுவரில் தொங்குகிற கலண்டர் போதும். வலது கண்ணால் திகதி தெரிகிறதா, இடது கண்ணால் தெரிகிறதா. இந்தக் கொப்பியில் ஒரே வகை லென்ஸ் வைத்த மூன்று பேருக்கு மங்கியிருந்தால் தோட்டத்து வைத்திய உத்தியோகத்தரிடம் காட்டுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள். எங்கள் கொப்பியோடு சேர்த்துப் பார்ப்போம்.

ஆறு மாதம் காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. ஒப்பரேசன் செய்த கண் சிவந்து, குத்தி, பார்வை குறைந்தால் அன்றைக்கே போங்கள், கிளினிக் நாள் பார்க்க வேண்டாம். லேசர் செய்த பிறகு கண்ணுக்குள் மின்னல் மாதிரி அடித்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று கூடினாலோ, ஓரத்திலிருந்து திரை விழுவது மாதிரி இருந்தாலோ அதுவும் அப்படித்தான். நரம்புத் திரை கழருவதற்கு அது அடையாளமாக இருக்கலாம். மிகச் சில பேருக்குத்தான் வரும், வந்தால் மணிக்கணக்கு முக்கியம்.

இப்போது பிள்ளைக் காம்பிரா விறாந்தையில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். எழுத்துப் பலகையும் கொண்டுவந்திருக்கிறோம். ஒப்பரேசன் செய்தவர்கள் அட்டையோடு வாருங்கள், இலக்கத்தை நாங்கள் பார்த்து எழுதித் தருகிறோம். நடக்க ஏலாமல் லயத்தில் இருக்கிறவர்கள் இருந்தால் காம்பிரா இலக்கத்தைச் சொல்லுங்கள், சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறோம். நான்கு மணி பஸ்ஸுக்குத்தான் நாங்கள் இறங்க வேண்டும். கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: மணியை விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு இந்தக் கல்படியில் தனியாக இறங்க வேண்டாம், யாராவது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.